கடிதம் எழுதுமுன் அரை மணி நேரம்

ஐந்து சிறு நிறுவனங்களுக்கு நான் மனிதவள ஆலோசகர். ஒவ்வொன்றுக்கும் மாதம் இரண்டு நாள் போகிறேன். எதிலும் 40 பேருக்கு மேல் கிடையாது. தனியாக ஒரு மனிதவளப் பிரிவு வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது என்பதால் ஐந்து பேரும் என்னைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். சம்பளப் பட்டியல், விடுப்புக் கணக்கு, நியமனக் கடிதம், இவைதான் என் வேலை என்று எண்ணித்தான் தொடங்கினேன். ஆனால் இந்த நிறுவனங்களில் மூன்றில் ஒருவருக்கு 55 வயது தாண்டிவிட்டது. முதலாளி சின்னப் பையனாக ஓடித் திரிந்த நாளிலிருந்து அங்கே வேலை பார்ப்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி என்னிடம் வரும் முதல் கோரிக்கை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்."

முதல் கடிதத்தைக் கேட்டவுடன் எழுதிக்கொடுத்தேன். அட்டைப்பெட்டி செய்யும் இடம் அது. பெட்டியின் வடிவத்தை வெட்டி மடிப்புக்கோடு பதிக்கும் இயந்திரத்தில் ஒருவர் இருபது ஆண்டுகளாக இருந்தார். வயது 60. வேகம் குறைந்துவிட்டது, இளைஞர் ஒருவரைப் போடலாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். சேவைக்கு நன்றி, கணக்கு இன்ன தேதியில் முடிக்கப்படும், வாழ்த்துகள் என்று ஒரு மணி நேரத்தில் அடித்துக் கொடுத்தேன். பிழையில்லாத கடிதம். அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போனபோது கழிவு அட்டை சுவரோரம் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. புது ஆள் கெட்டிக்காரர்தான். கையேட்டில் இருந்தபடியே எல்லாம் செய்திருந்தார். ஆனாலும் ஓரிடத்தில் வெட்டு ஆழமாக விழுந்தது, இன்னோர் இடத்தில் விழவே இல்லை. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இயந்திரத்தின் தட்டு சில இடங்களில் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. பழையவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அளவு பார்த்து மெல்லிய காகிதத் துண்டுகளை வெட்டி அடியில் ஒட்டி, அழுத்தத்தைச் சமன் செய்து வைத்திருந்தார். ஒரு துண்டு, இரண்டு, சில இடங்களில் நான்கு. ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டிருந்தார். புது ஆள் சேர்ந்த முதல் நாள் இயந்திரத்தைச் சுத்தம் செய்தபோது அவற்றை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எடுத்துவிட்டார். இழுப்பறையில் மிச்சமிருந்த நாலைந்து துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். விரல் நகம் அளவுதான் இருந்தன. பழையவரை உதவிக்குக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. வரவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

அன்றிலிருந்து எந்த நிறுவனத்துக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு தாள் போடுகிறேன். இடப்பக்கம் அங்கே நடக்கும் வேலைகள், வலப்பக்கம் அவற்றைச் செய்யத் தெரிந்தவர்களின் பெயர்கள். ஒரே ஒரு பெயர் மட்டும் இருக்கும் வரியைச் சிவப்பில் சுழிக்கிறேன். இதில் வயது எழுதுவதில்லை, வயது பார்த்து ஆள் பிரிப்பதும் இல்லை. எல்லாருக்கும் பொதுவான தாள். ஆனாலும் சிவப்புச் சுழிகளில் பாதிக்கு மேல் மூத்தவர்களின் பெயரில்தான் விழும். இதைப் பார்த்த பிறகு, கடிதம் கேட்கும் முதலாளியின் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

இரண்டாவது கோரிக்கை ஓர் அச்சகத்திலிருந்து வந்தது. அப்பா தொடங்கியதை இப்போது மகன் நடத்துகிறார். அவருக்கு 38 வயது. அச்சுக்குப் போகும் முன் மாதிரிப் பக்கங்களில் (மெய்ப்பு) பிழை பார்க்கும் மெய்ப்புத் திருத்துபவருக்கு 61. "அண்ணனுக்கு முன்போல் முடியவில்லை. போன மாதம் ஒரு பாடப்புத்தகத்தில் அடிக்குறிப்பு எண்களே மாறிப் போய்விட்டன. மறதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். என்னால் நேரில் சொல்ல முடியாது, என்னைத் தூக்கி வளர்த்தவர். நீங்கள் ஒரு கடிதமாகக் கொடுத்துவிட்டால் நன்றாக இருக்கும்."

"எவ்வளவு நாளாகப் பிழைகள் வருகின்றன?"

"ஆறேழு மாதமாக."

"அவரிடம் ஒரு முறையாவது சொல்லியிருக்கிறீர்களா?"

அவர் பதில் சொல்லவில்லை.

என் அனுபவத்தில் சிறு நிறுவனங்களின் மிகப் பெரிய சிக்கல் இந்த மௌனம்தான். பெரியவர் மனம் நோகக் கூடாது என்று மாதக்கணக்கில் எதையும் சொல்லாமல் இருப்பார்கள். அவர் விட்ட பிழையை இன்னொருவர் இரவில் உட்கார்ந்து சத்தமில்லாமல் திருத்துவார். கடினமான வேலை மெல்ல அவர் மேசைக்கு வராமல் போகும். இதற்கெல்லாம் மரியாதை என்று பெயர். பிறகு ஒரு நாள் தாங்க முடியாமல் போக, ஒரேயடியாகக் கடிதமாக வந்து விழும். இருபது வருடம் உழைத்த மனிதர், தம்மிடம் குறை இருப்பதையே அந்தக் கடிதத்தில்தான் முதன்முதலாக அறிந்துகொள்கிறார். 25 வயதுக்காரர் தப்பு செய்தால் அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்கிறோம், திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுக்கிறோம். அதே வாய்ப்பை மூத்தவருக்கும் கொடுப்பதுதான் மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடிதம் பிறகு, முதலில் பதிவேட்டைக் கொடுங்கள் என்று கேட்டேன். அந்த அச்சகத்தில் ஒரு நல்ல பழக்கம்: ஒவ்வொரு மெய்ப்பும் எப்போது மேசைக்கு வந்தது, எப்போது திரும்பியது என்று நேரத்தோடு எழுதி வைக்கிறார்கள். தவறிய பிழைகளை எடுத்து அந்த நேரங்களோடு பொருத்திப் பார்த்தேன். காலையில் பார்த்த பக்கங்களில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நான்கு மணிக்கு மேல் பார்த்தவற்றில்தான் குவிந்திருந்தன. அவற்றிலும் அடிக்குறிப்புகள், அட்டவணைகள், பொடி எழுத்துகள்தான் அதிகம். மறதி என்றால் அது இப்படி நேரம் பார்த்து வராது.

பிறகு அவரிடம் போனேன். முதலாளி அறையில் உட்கார வைக்காமல் அவர் மேசைக்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அரை மணி நேரம் பேசினோம். "ஐயா, இந்த வேலையில் இப்போது உங்களுக்கு எது மிகவும் சிரமம்?" என்று கேட்டேன். அவர் மேலே பார்த்தார். "இந்த வெளிச்சம்தான் அம்மா. முன்பு ஜன்னல் பக்கம் இருந்தேன். புது பிரிண்டர் வந்ததும் இங்கே மாற்றிவிட்டார்கள். காகிதத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று இப்போது ஒரு தாளில் இரண்டு பக்கமாகச் சுருக்கி அடித்துத் தருகிறார்கள். காலையில் சமாளித்துவிடுகிறேன்." மேசைக்கு நேர் மேலே விளக்கு இல்லை. பின்னால் இருந்த குழல் விளக்கின் ஒளி அவர் தோளில் பட்டு, அவர் நிழலே தாளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. எனக்கே அந்த அடிக்குறிப்பு எழுத்துகள் கலங்கலாகத் தெரிந்தன. "இதை ஏன் சொல்லவில்லை?" என்றேன். "சொன்னால் வயதாகிவிட்டது என்பார்கள்."

இரண்டு பக்கமும் மௌனம்.

கண் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட எளிதாகத் தீரக்கூடியது இது. கண்ணின் லென்ஸ் வயதோடு இறுகிக்கொண்டே வருகிறது, நாற்பதைத் தாண்டும்போது கிட்டத்தில் இருப்பது மங்கத் தொடங்குகிறது. லென்ஸ் மஞ்சளாகி, ஒளி நுழையும் கண்பாவையும் சிறுத்துவிடுவதால் 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக் கண்ணில் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இளைஞருக்குப் போதும் என்று தோன்றும் வெளிச்சம் அவருக்கு அந்தி நேரம். 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. அசாமில் தேயிலை பறிக்கும் 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் 751 பேரிடம் நடந்தது. கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்க உதவும் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்களின் உற்பத்தி, கொடுக்கப்படாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. வேறு எந்தப் பயிற்சியும் இல்லை, கண்ணாடி மட்டும்தான். எந்த முதலாளியிடம் வயது பற்றிப் பேசினாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அச்சகத்தில் அந்த வாரமே மேசை ஜன்னலுக்குத் திரும்பியது. வளைக்கக்கூடிய கழுத்துள்ள ஒரு மேசை விளக்கு வந்தது. அவருக்குக் கொடுக்கும் மெய்ப்புகள் மட்டும் தாளுக்கு ஒரு பக்கமாக அச்சாயின. அடிக்குறிப்பும் அட்டவணையும் காலை வேலை, தலைப்புகளும் பக்க எண்களும் மாலை வேலை என்று மாற்றினோம். கண் மருத்துவரிடம் அனுப்பியபோது, அவர் போட்டிருந்தது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியாக, தெருவில் நடப்பதற்குப் பொருந்திய பல பார்வைக் கண்ணாடி என்று தெரிந்தது. தாளைப் பார்க்க ஒவ்வொரு முறையும் முகவாயைத் தூக்க வேண்டியிருந்ததால்தான் கழுத்து வலியும் வந்திருக்கிறது. மேசைத் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார் மருத்துவர். செலவு நிறுவனத்துடையது. பிழைகள் அடியோடு நின்றுவிட்டன என்று சொல்ல மாட்டேன். அடுத்த புத்தகத்தில் இரண்டு தப்பின. ஆனால் யாரும் கடிதம் கேட்கவில்லை.

இந்த அரை மணி நேரப் பேச்சு இப்போது என் வழக்கமாகிவிட்டது. வயது பார்க்காமல் எல்லாரிடமும் ஆண்டுக்கு ஒரு முறை பேசுகிறேன். மூத்தவர்களை மட்டும் கூப்பிட்டால் பட்டியல் தயாராகிறது என்று வதந்தி பரவிவிடும். முதல் கேள்வியைப் பின்லாந்தின் தொழில்சார் சுகாதார நிறுவனம் 1980-களில் உருவாக்கிய பணித்திறன் குறியீட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன்: உங்கள் வாழ்நாளிலேயே சிறப்பாக வேலை செய்த காலத்துக்கு 10 மதிப்பெண் என்றால், இன்றைக்கு எவ்வளவு போடுவீர்கள்? எண்ணைவிட, அடுத்து வரும் வாக்கியம்தான் எனக்கு வேண்டும். "ஏழு போடலாம், படிக்கட்டு மட்டும் இல்லாமல் இருந்தால் ஒன்பது" என்றார் ஒரு கணக்கர். அலுவலகக் கோப்புகள் எல்லாம் மாடியில் இருந்தன. பிறகு, நாளின் எந்த நேரம் கடினம், எதைத் தூக்குகிறீர்கள், எந்த வேலையை விடக்கூடாது என்று நினைக்கிறீர்கள், அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்கு என்ன எண்ணம் வைத்திருக்கிறீர்கள் என்று போகும். நோயைப் பற்றி நான் கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், கோப்பில் எழுதுவதில்லை. படிக்கட்டு ஏற முடியவில்லை என்பது மட்டும் கோப்புக்குப் போகும், ஏன் முடியவில்லை என்பது அவருடையது.

கேட்ட பிறகு ஒரு வாரத்துக்குள் ஏதாவது ஒன்றை, எவ்வளவு சிறியதாக இருந்தாலும், செய்து காட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இதில் நான் முதலாளிகளிடம் கண்டிப்பாகவே இருக்கிறேன்.

செலவைப் பற்றி அவர்கள் பயப்படும்போது டிங்கோல்ஃபிங் கதையைச் சொல்வேன். ஜெர்மனியில் அந்த ஊரில் இருக்கும் பி.எம்.டபிள்யூ ஆலையில் 2007-இல் ஓர் உற்பத்தி வரிசையின் சராசரி வயதை வேண்டுமென்றே 47-க்கு உயர்த்தினார்கள். பத்தாண்டு கழித்துத் தங்கள் ஆலையே அந்த வயதில்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. என்ன மாற்ற வேண்டும் என்பதை அந்தத் தொழிலாளர்களிடமே கேட்டார்கள். சிமெண்ட் தரைக்கு மேல் மரத்தளம், உட்கார்ந்து வேலை செய்ய உயரம் மாற்றும் நாற்காலி, பொடிப் பாகங்களைப் பார்க்கப் பூதக்கண்ணாடி என்று 70 மாற்றங்கள். பெரிய முதலீடு எதுவும் இல்லை. ஓராண்டில் அந்த வரிசையின் உற்பத்தித்திறன் 7 சதவீதம் ஏறியது. பெரிய கம்பெனிக்கு முடியும், எங்களுக்கு எப்படி என்று உடனே கேட்பார்கள். எனக்கு அது தலைகீழாகத் தோன்றுகிறது. அங்கே ஒரு நாற்காலியை மாற்ற எத்தனை பேர் கையெழுத்து வேண்டும்! 30 பேர் உள்ள இடத்தில் முதலாளி எழுந்து போய் மாற்றிவிடலாம்.

அதே அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் அப்படித்தான் நடந்தது. 58 வயது அக்கா ஒருவர் நாள் முழுவதும் நின்றபடி ஃபாரம்களை, அதாவது அச்சடித்து மடித்த தாள்களை, அடுக்குவார். சிமெண்ட் தரை. மாலையில் கால் வீங்கிவிடும். "உட்கார்ந்து செய்யலாமா அக்கா?" என்று கேட்டேன். "மேசை உயரம் நின்று செய்வதற்கு. உட்கார்ந்தால் கை எட்டாது. பாதி உட்கார்ந்த மாதிரி ஒரு ஸ்டூல் இருந்தால் போதும்" என்று தீர்வையும் அவரே சொன்னார். உயரமான ஸ்டூல் ஒன்றும் காலடிக்குத் தடித்த ரப்பர் விரிப்பும் வாங்கினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பக்கத்தில் நிற்கும் 24 வயதுப் பெண்ணும் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கியிருந்தாள்.

கணினி விஷயத்தில் நிறையப் பேர் முன்முடிவோடுதான் வருகிறார்கள். "அவருக்கெல்லாம் இனிமேல் சொல்லிக்கொடுக்க முடியாது." 1984-இல் டிமோத்தி சால்ட்ஹவுஸ் என்ற உளவியலாளர் 19 முதல் 72 வயது வரையிலான தட்டச்சர்களைச் சோதித்தார். வயது கூடக்கூட விரலின் மறுவினை தாமதமானது, ஆனால் தட்டச்சு வேகம் குறையவில்லை. மூத்தவர்கள், அடிக்கும் எழுத்துக்கு இன்னும் முன்னே கண்ணை ஓடவிட்டு, வருவதை முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள். அனுபவம் உடம்பின் தாமதத்தை ஈடுகட்டும் விதம் இது. ஆனால் அந்த அனுபவம் வேலை செய்ய, புதியது பழையதோடு ஒட்ட வேண்டும். ஒரு கிடங்கில் புது இருப்பு மென்பொருளை எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து இரண்டு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இளைஞர்கள் படபடவென்று தட்ட, மூத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சந்தேகம் கேட்டால் பேர் கெட்டுவிடும். அடுத்த முறை தனித்தனியாக, அவர்களுடைய சொந்தச் சரக்குப் பட்டியலை வைத்தே, ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலை என்று பிரித்தோம். நான்கு வாரம் பிடித்தது. இருப்புக் கணக்கில் பதிவான தவறான அளவுகளைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அவர்கள்தான், ஏனென்றால் எந்தப் பெட்டியில் எத்தனை கொள்ளும் என்று அவர்கள் கைக்குத் தெரியும்.

எல்லாம் நல்லபடி முடிந்ததாக எழுதினால் அது பொய்யாகிவிடும். அதே கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டிய 64 வயதுக்காரருக்கு மங்கலான இடங்களில் பக்கவாட்டுப் பார்வை குறைந்திருந்தது. மருத்துவர், வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதிவிட்டார். விளக்கையோ நேரத்தையோ மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது, அடுத்தவர் உயிர் சம்பந்தப்பட்டது. மூத்தவர்களுக்கு விபத்துகள் குறைவாகவே நேர்கின்றன, ஆனால் நேர்ந்துவிட்டால் காயம் கடுமையாகிறது, தேறப் பல நாள் ஆகிறது என்பது பணிப் பாதுகாப்புத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அவருக்கு அதே சம்பளத்தில் சரக்கு வரவைச் சரிபார்க்கும் வேலை கொடுத்தோம். இரண்டு மாதம் இருந்தார். சாவிக்கொத்து இல்லாத இடுப்போடு அந்த வளாகத்தில் நடக்க அவரால் முடியவில்லை. போய்விட்டார். நாங்கள் செய்தது சரிதான். ஆனால் மருத்துவர் சீட்டு வந்த அன்றைக்கே சாவியை வாங்கியிருக்கக் கூடாது. ஒரு வாரம் அவரைப் புது ஓட்டுநருக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, அவர் கையாலேயே சாவியைக் கொடுக்க வைத்திருக்கலாம். அது எனக்கு அன்று தோன்றவில்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் வயதைக் காட்டி ஓய்வு கொடுக்கும் பொது விதி 2011-இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வயதுப் பாகுபாட்டிலிருந்து காக்கிறது, ஆனால் 20 பேருக்குக் குறைவாக உள்ள தனியார் நிறுவனங்களுக்கு அது பொருந்தாது. ஜப்பானில் 2021 முதல் 70 வயது வரை வேலை கொடுக்க முயல வேண்டும் என்பது நிறுவனங்களின் கடமை. ஆகவே கடிதம் எதுவானாலும் உள்ளூர்த் தொழிலாளர் சட்டம் தெரிந்தவரிடம் ஒரு முறை காட்டாமல் அனுப்பாதீர்கள். நாட்களைக் குறைத்துக்கொண்டு படிப்படியாக விலகுவதாக ஒருவர் ஒப்புக்கொண்டால், எத்தனை நாள், என்ன வேலை, என்ன சம்பளம், சேமநிதியும் பணிக்கொடையும் எப்படிக் கணக்கிடப்படும் என்று எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால், நாட்கள் குறையும், வேலை குறையாது. மூன்று நாள் சம்பளத்துக்கு ஐந்து நாள் வேலையைத் திணித்துச் செய்துகொண்டிருந்த ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன்.

மெய்ப்புத் திருத்தும் ஐயா இரண்டு வருடத்தில் விலகப்போவதாக அவராகவே சொன்னார். வாரம் நான்கு நாள் வருகிறார். அவருக்குப் பக்கத்தில் இப்போது பக்க வடிவமைப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் உட்காருகிறாள். தெரிந்ததை எல்லாம் எழுதிக் கொடுங்கள் என்று முதலில் அவரிடம் கேட்டுப் பார்த்தோம், ஒரு பக்கம்கூட வரவில்லை. கைக்குப் பழகிவிட்ட ஒன்றை உட்கார்ந்து எழுதச் சொன்னால் யாருக்கும் வராது. அதனால் பழைய அச்சகங்களின் முறைக்கே போனோம். மூலப்படியை அவள் உரக்கப் படிக்க, அவர் மெய்ப்பில் விரல் ஓட்டிக்கொண்டே போவார். விரல் நிற்கும் இடத்தில் அவள் "ஏன் நிறுத்தினீர்கள் ஐயா?" என்று கேட்டு, பதிலைத் தன் நோட்டில் குறித்துக்கொள்வாள். கற்றுக்கொடுக்கும் நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிட்டு, அந்த நாட்களில் இருவரும் முடிக்க வேண்டிய பக்கங்களைக் குறைத்துவிட்டோம். முதலாளி இதற்கு முதலில் தயங்கினார். அட்டைப்பெட்டிக் கழிவு ஆள் உயரம் குவிந்ததைச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

போன முறை போனபோது அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நாற்பது பக்கம் தாண்டியிருந்தது. "கணக்குப் புத்தகத்தில் விடைப் பகுதியை முதலில் பார்", "வரி முடிவில் உடையும் சொல்லை வாய்விட்டுப் படி", "அவசரம் என்று சொல்லி அனுப்பும் படியில் அட்டைத் தலைப்பில்தான் பிழை இருக்கும்." கடைசியாக எழுதியிருந்தது அன்று காலைக் குறிப்பு: "நான்கு மணிக்கு மேல் அட்டவணை பார்க்காதே. உனக்கும்தான்."